வெள்ளைத் தாளும் கைலென்ஸும்

கிறிஸ்துமஸ் மரத் தோட்டத்தில் பூச்சித் தாக்குதலைக் கண்காணிக்கப் பெரிய கருவியெல்லாம் வேண்டாம், ஒரு வெள்ளைத் தாளும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸும் இருந்தால் போதும். கிளைக்கு அடியில் தாளைப் பிடித்து இரண்டு தட்டு தட்டினால் மிளகுத்தூள் மாதிரி புள்ளிகள் விழும், அதில் மெல்ல நகர்கிறவை பெரும்பாலும் சிலந்திப்பேன்கள் (எட்டுக் கால் இருப்பதால் இவை பூச்சிக் கணக்கிலேயே வராது, ஆனால் ஊசியிலையை வெளிறவைத்துப் பழுப்பாக்குவதில் கில்லாடிகள்). இவற்றில் ஸ்ப்ரூஸ் (ஒரு வகை ஊசியிலை மரம்) சிலந்திப்பேன் என்ற வகைக்குக் குளிர்ந்த வானிலைதான் கொண்டாட்டம், கோடையில் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

அப்புறம், வரப்போர மரங்களை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வரக்கூடாது. அடிக்கிளையை விலக்கி உட்புறம் பாருங்கள். இலையின் மேல்பக்கம் மஞ்சள் திட்டு தெரிந்தால் திருப்புங்கள், அடியில் பழுப்புச் செதில்கள் ஒட்டியிருந்தால் செதில்பூச்சி.

ஃபிர் என்ற கிறிஸ்துமஸ் மர வகையின் தளிர் சுருண்டு பிசுபிசுத்தால் அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி). சுருண்ட பிறகு மருந்தடித்துப் பயனில்லை, அந்தத் தளிர் நிமிராது. மொட்டு விரியும் முன்பே தேட வேண்டும்.

எதைக் கண்டாலும் உடனே மருந்து என்பதில் எனக்கு உடன்பாடில்லை. சிலந்திப்பேனைத் தின்னும் கொன்றுண்ணிப் பேன்களும் சேர்ந்து செத்தால், அடுத்து வரும் பெருக்கம் முன்பைவிட மோசமாக இருக்கும்.