விரல் நரம்பு அறுந்தால்: தையல் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை

சோழவந்தான் பக்கம் இளநீர் சீவும்போது அரிவாள் தவறினால், காயைப் பிடித்திருக்கும் கைவிரலில்தான் இறங்கும். வெளியே ஒரு சென்டிமீட்டர் காயம்தான் தெரியும். உள்ளே விரலை மடக்கும் டெண்டனே (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) அறுந்திருக்கலாம். அறுவை சிகிச்சையும் பயிற்சியும் முடித்து வந்தபின் அழுத்திச் சொல்கிறேன்: தோலை மட்டும் தைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

கையை மல்லாத்தித் தளர்வாக வையுங்கள். மற்ற விரல்கள் லேசாக மடங்கிக் கிடக்க, அடிபட்டது மட்டும் விறைத்து நீண்டிருந்தால் டெண்டன் போயிருக்கிறது. விரலின் இரண்டு ஓரங்களையும் தனித்தனியே தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மரத்திருந்தால் உணர்ச்சி நரம்பும் அறுந்திருக்கும். நாம் இரண்டையுமே 'நரம்பு' என்கிறோம்; டாக்டரிடம் பிரித்துச் சொல்லுங்கள்.

முதல் வாரத்துக்குள் தைப்பது நல்லது. அறுந்த மேல்முனையைத் தசை உள்ளங்கைப் பக்கம் இழுத்துக்கொள்ளும். மூன்று வாரம் தாண்டினால் அது சுருங்கி, வேறிடத்திலிருந்து டெண்டன் எடுத்து ஒட்டவைக்க நேரலாம். பெரியாஸ்பத்திரியோ தனியாரோ, பிளாஸ்டிக் சர்ஜரிக்கு அனுப்பினால் பயப்பட வேண்டாம். கைக்காயம் அவர்கள் வேலையும்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேரும்போதே காட்டுங்கள். பெரும்பாலும் கையை மட்டும் மரக்கவைத்துத்தான் செய்வார்கள்.

உண்மையான பாடு அதற்குப் பிறகு. மணிக்கட்டும் விரல்களின் அடிக்கணுவும் மடங்கியபடி, புறங்கைப் பக்கம் ஸ்பிளின்ட் (கையைத் தாங்கிப் பிடிக்கும் கெட்டியான பட்டை) கட்டுவார்கள். மூன்று முதல் ஐந்து நாளில் பயிற்சி தொடங்கும். மற்றக் கையால் விரலை மெதுவாக உள்ளங்கை நோக்கி அழுத்தி மடக்க வேண்டும். பிறகு ஸ்பிளின்டைத் தொடும்வரை அந்த விரலை அதன் சொந்த பலத்திலேயே நீட்ட வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்குப் பத்து முறை. சில இடங்களில் முறை கொஞ்சம் மாறும். உங்கள் பிசியோ சொல்வதே கணக்கு. அசைக்காமல் விட்டால் டெண்டன் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும், பலமாக மடக்கினால் தையல் அறும். முதல் மூன்று வாரம் தையல் மிகவும் பலவீனம். வலி குறைந்ததே என்று ஸ்பிளின்டைக் கழற்றிவிட்டுச் செம்பைத் தூக்குவார்கள், பஸ் கம்பியைப் பிடிப்பார்கள். அறுவது அங்கேதான். 'டப்' என்று தெறித்து, விரல் மடங்காமல் போனால் அன்றே ஓடுங்கள். நடுக்கணு மடங்கியே இறுகுவது இன்னொரு தொல்லை. முழுதாக நீட்டாமல் ஏமாற்றினால் வரும்.

கையை நெஞ்சுக்கு மேலே வைத்திருந்தால் வீக்கம் வடியும். ஆறு வாரத்துக்குப் பிறகு ஸ்பிளின்டைக் கழற்றி லேசான வேலை. எட்டுக்கு மேல் பிடிக்குப் பலம் சேர்க்கும் பயிற்சி. தண்ணீர்க் குடம், அரிவாள் எல்லாம் பன்னிரண்டு வாரம் கழித்தே.

தைத்த உணர்ச்சி நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். காயத்திலிருந்து நுனிவரை விரலால் தட்டிப் பாருங்கள். சுருக்கென்று மின்னும் இடம் வாரந்தோறும் நுனிப்பக்கம் நகர்ந்தால் வளர்கிறது என்று பொருள். அதுவரை தோசைக்கல் சுட்டாலும் அந்த விரலுக்குத் தெரியாது. அடுப்படியில் மற்றக் கையைப் பயன்படுத்துங்கள்.