பாதி உருகிய பிருகு ஏரி: ராணிப்பேட்டையிலிருந்து ஒரு பனி நடை

ஊர் திரும்பி நான்கு நாள் ஆகிறது, அந்த டாக்ஸிக்காரர் மேல் வந்த கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. இமாச்சல மலையில் இருக்கிற பிருகு ஏரிக்கு நடை தொடங்கும் இடம் குலாபா. மணாலியிலிருந்து அங்கே 2,000 ரூபாய் என்று பேசித்தான் ஏறினோம். பாதி மலை ஏறியதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, பெர்மிட்டுக்கு இன்னும் 1,500 வேண்டும் என்றார். குலாபா சோதனைச் சாவடியைத் தாண்டி ரோதாங் கணவாய்ப் பக்கம் போகிற வண்டிக்குத்தான் பெர்மிட். நாங்கள் இறங்குவதே குலாபாவில். கூட வந்த பாய் ஆம்பூர்க்காரர், ஷூ கம்பெனியில் என்னோடு வேலை செய்பவர். வீட்டில் பேசும் உருது கைகொடுத்ததால் கால்மணி நேரம் வாதாடினார். ஆனால் பை இரண்டும் டிக்கியில், சாவி அவர் கையில். கடைசியில் 1,000 கொடுத்தோம். எங்கள் பட்ஜெட்டில் அது இரண்டு நாள் சாப்பாடு. நீங்கள் போனால், பேசிய தொகையை போனில் டைப் செய்து காட்டி, "இதற்கு மேல் எதுவும் கிடையாது" என்று சொல்லிவிட்டு ஏறுங்கள். பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். கத்திரி முடிந்தும் எங்கள் பக்கம் வெயில் 40 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. பிருகு ஏரிக்கு ஜூலையில் போனால் புல்வெளி பச்சைப்பசேல் என்று இருக்கும், ஆனால் மழை பிடித்துக்கொள்ளும். மே தொடக்கத்தில் பனி மூடிக் கிடக்கும். எனக்கு அந்த இரண்டுக்கும் நடுவில், ஏரியின் பனிக்கட்டி உடைகிற நேரத்தைப் பார்க்க வேண்டும். அதனால் ஜூன் முதல் வாரம். பயிற்சிக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி சுவாமிமலை ஏறினோம். காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ், டெல்லியிலிருந்து இரவு பஸ், மணாலி.

மணாலியில் வாடகைக்கு ஷூ எடுக்கிற இடத்தில் அவசரப்படாதீர்கள். இது என் தொழில், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். முதல் ஜோடியின் முன்பக்கத்தை மடக்கினேன். அடிப்பக்க சோலுக்கும் மேல்பக்க அப்பருக்கும் நடுவே நகம் நுழைகிற அளவுக்குப் பிளவு. பழைய பசை காய்ந்து பொடியாக உதிர்ந்தது. இப்படிப்பட்ட ஷூ ஈரப் பனியில் ஒரு நாள்கூடத் தாங்காது. நான்கு ஜோடியைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஐந்தாவது சரியாக அமைந்தது. கடைக்காரர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும். பாய் தன் சொந்த லெதர் பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். தோல் வழியாக ஒரு சொட்டு இறங்கவில்லை. தையல் ஓட்டை வழியாக இறங்கியது. ஓட்டையை அடைக்காமல் தோலுக்கு மட்டும் மெழுகு போட்டால் இதுதான் நடக்கும்.

கைடு, டென்ட், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 4,500 ரூபாய். இது நியாயமான காசு, மனதாரச் சொல்கிறேன். முதல் இரவு ஜோங்கர் தாச் புல்வெளியில், இரண்டாவது இரவு ரோலா கோலியில். மூன்றாம் நாள் அதிகாலை மூன்றரைக்கு கைடு எங்களை எழுப்பியபோது எரிச்சலாகத்தான் இருந்தது. நடக்க ஆரம்பித்ததும் காரணம் புரிந்துவிட்டது. இரவுக் குளிரில் பனியின் மேல்பரப்பு இறுகியிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் அப்பளம் நொறுங்குகிற சத்தம், கால் மட்டும் உள்ளே போகவில்லை. ஒன்பதரை மணிக்கு மேல் அதே சரிவு வேறு மாதிரி. வெயில் பட்டு இளகி, கால் தொடைவரை இறங்கியது. பாறை ஓரமாக நடப்பது பத்திரம் என்று நினைத்தேன், அது தப்பு. பாறை சூடேறி, சுற்றியுள்ள பனியை அடியிலிருந்தே உருக்கி வைத்திருக்கிறது. மேலே வெள்ளை, கீழே பள்ளம்.

ஓரிடத்தில் கைடு கம்பால் பனியைத் தட்டினார். காலிப் பானையைத் தட்டுகிற ஒலி.

"இன்னாண்ணா, அடியில ஆறு ஓடுதா?" என்று பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருபதடி மேலே ஏறிச் சுற்றிப் போனோம்.

ஏரி சுமார் 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடைசி மேடு ஏறும்போது பத்தடிக்கு ஒருமுறை மூச்சு வாங்க நின்றேன். மேலே போய்ப் பார்த்ததும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சின்ன ஏரிதான், சுற்றிலும் பனிச்சரிவு. நடுவில் சாம்பல் நிறப் பனிக்கட்டி ஒரு தட்டு மாதிரி மிதக்கிறது. கரையைச் சுற்றி மட்டும் வளையல் போலத் தண்ணீர், நீலமும் பச்சையும் கலந்த நிறம். வெயில் ஏற ஏற அந்தத் தட்டின் ஓரம் விரிசல் விட்டு, "டிக், டிக்" என்று சத்தம் வருகிறது. நாங்கள் ஒரு மணி நேரம் பேசவே இல்லை. பிருகு முனிவர் தவம் செய்த இடம், அதனால் முழுசாக உறைவதே இல்லை என்பது அந்த ஊர்க்காரர்கள் நம்பிக்கை. கைடு ஷூவைக் கழற்றிவிட்டுப் பனியில் வெறுங்காலோடு நின்று கும்பிட்டார். அவருக்கு ஆற்காடு மக்கன் பேடா ஒன்று கொடுத்தேன். குளிரில் கல்லாகியிருந்தது. வாயில் அடக்கிக் கரைத்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டார்.

திரும்பும்போது காலையில் கணுக்கால் நனைத்துத் தாண்டிய ஓடை முழங்காலுக்கு மேல் ஓடியது. பகலெல்லாம் மேலே உருகியது மத்தியானத்துக்கு மேல்தான் கீழே வந்து சேர்கிறது. 2021 நவம்பரில் பாலாறு நிரம்பிப் போனபோது கேட்ட அதே இரைச்சல், இந்தச் சின்ன ஓடையில். மூன்று பேரும் கை கோத்துத் தாண்டினோம். மதியத்துக்குள் ஓடையைக் கடந்துவிடுகிற மாதிரி நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் சன்ஸ்கிரீன். பனியில் பட்ட வெளிச்சம் கீழிருந்தும் அடிக்கிறது. எனக்குத் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்திலும் தோல் உரிந்துவிட்டது.

மறுநாள் வசிஷ்ட் கிராமத்து வெந்நீர் ஊற்றில் குளித்தோம். காசு கிடையாது. பக்கத்துச் சந்தில் ஒரு பாட்டி சித்து விற்றுக்கொண்டிருந்தார். புளித்த கோதுமை மாவுக்குள் வால்நட்டும் கசகசாவும் அரைத்து வைத்து ஆவியில் வேகவைத்தது. நம் கொழுக்கட்டை சாதி, ஆனால் உள்ளங்கை அளவு. பிட்டதும் ஆவி பறக்க, அதன் மேல் அவர் கரண்டி நிறைய நெய் ஊற்றினார். இந்தப் பயணத்தில் நான் கொடுத்த காசிலேயே உருப்படியானது அந்த 80 ரூபாய்தான். மூன்றாவது தட்டுக்குப் பாய் கை நீட்டியபோது அந்த ஆயிரம் ரூபாய் ஞாபகம் வந்தது. நானும் இன்னொன்று சொன்னேன்.