வார் அடைவை நகர்த்தும்போது

"எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டேண்ணே. டேட்டாபேஸ்தான் எழும்ப மாட்டேங்குது."

சுங்கை சிப்புட்டில் இன்று மாலை, டியூஷன் சென்டர் லினக்ஸ் கணினி முன்னால் ஒரு தம்பி. வட்டு நிறைந்ததால், டேட்டாபேஸ் போன்ற மாறிக்கொண்டே இருக்கும் தரவு கிடக்கும் வார் (/var) அடைவைப் புது வட்டுக்கு மாற்றியிருக்கிறார்.

திரையில் ஒவ்வொரு கோப்புக்கும் நேரே, உரிமையாளர் இடத்தில், ஒரே சொல்: ரூட், அதாவது கணினியின் தலைமை நிர்வாகி.

அதுதான் கோளாறு. நகலெடுக்கும் வெறும் சிபி (cp) கட்டளையை ரூட்டாக ஓட்டினால் நகல்கள் ரூட் பெயருக்குப் போய்விடும். டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் தன் கோப்பையே திறக்க முடியாமல் நிற்கும்.

ரெஸ்க்யூ மோடுக்கு, அதாவது பழுதுபார்க்கும் நிலைக்குப் போய், ஆர்சிங்க் (rsync) என்ற நகல் கருவியை ஆர்க்கைவ் தெரிவோடு ஓட்டுங்கள். உரிமை, அனுமதி, நேரம் அப்படியே வரும். ஹார்ட் லிங்குக்கும் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) ஏசிஎல்லுக்கும் (கூடுதல் அனுமதிப் பட்டியல்) தனித் தெரிவுகள் உண்டு, அவற்றையும் சேருங்கள்.

பழைய வார் அடைவை உடனே அழிக்க வேண்டாம், தம்பிகளே. பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். மாற்றாமல் அதன்மேலேயே புது வட்டை மவுண்ட் செய்தால் (இணைத்தால்) பழைய கோப்புகள் கண்ணுக்குத் தெரியாது, இடமும் மிஞ்சாது.

எந்த வட்டை எங்கே மவுண்ட் செய்வது என்று கணினிக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில், வட்டின் தனி அடையாள எண்ணான யூயூஐடி எழுதுங்கள். எஸ்டிபி (sdb) போன்ற வட்டுப் பெயர்கள் மாறக்கூடியவை. ரீபூட்டுக்கு முன்பே எல்லாவற்றையும் மவுண்ட் செய்து பார்த்துவிடுங்கள்.

அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி (/etc) அடைவை மட்டும் இப்படித் தனி வட்டுக்கு அனுப்பாதீர்கள். அந்த எஃப்எஸ்டேபே அதற்குள்தான் இருக்கிறது.