சாமி வந்தாச்சு, மச்சாங்!

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் இரவு கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறி, விடியப்புறம் திருகோணமலையில் இறங்கினேன். அப்பா இல்லாமல் வரும் முதல் ஆடி அமாவாசை. இந்த நாளில் யாழ்ப்பாணத்தார் கீரிமலைக்குப் போவார்கள், மட்டக்களப்பார் மாமாங்கத்துக்குப் போவார்கள். திருகோணமலையாரான எங்களுக்குக் கோணேசர் கோயிலடிக் கடல்தான். தகப்பன் உயிரோடு இருக்கிறவருக்கு இந்த விரதம் இல்லை என்பதால் ஐம்பத்தாறு வயது வரைக்கும் எனக்கு இது வெறும் அமாவாசையாகவே இருந்தது.

அப்பா 1938-இல் இந்த ஊரில் பிறந்தவர். தாத்தாவுக்கு வெள்ளைக்காரனின் கடற்படைத் துறைமுகப் பட்டறையில் வேலை. 1957 அக்டோபரில் பிரிட்டிஷ்காரர் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போக, தாத்தாவின் வேலையும் போனது. அடுத்த வருடமே அப்பா அதே துறைமுகத்துக்குள் ரோயல் சிலோன் நேவியின் ஸ்டோக்கராகப் போனார். பன்னிரண்டு வருடம். அதில் பெரும்பகுதிக்கும் கடற்படைத் தளபதி ராஜன் கதிர்காமர், நம்மவர். அதைச் சொல்லும்போது மட்டும் அப்பா கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

ஸ்டோக்கர் என்றால் கப்பலின் அடிவயிற்றில் வேலை. பாய்லர் சூடு, எண்ணெய் மணம், காதடைக்கும் இரைச்சல். பாக்குநீரிணை ரோந்து முடித்து வடக்கேயிருந்து திரும்பி வரும்போது மேல்தட்டில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை தெரியும். இவருக்குத் தெரிவது, மேலேயிருந்து வேகக் கட்டளை சொல்லும் டெலிகிராப் மணி அடித்து ஊசி 'ஸ்லோ'வுக்குத் திரும்புவது மட்டும்தான். அப்போது மாத்தறைக்காரச் சிங்களச் சிநேகிதர் ஒருவர் மேலே ஏணி வாயில் குனிந்து, தனக்குத் தெரிந்த தமிழில் கத்துவாராம்: "மச்சாங், சாமி வந்தாச்சு!" அப்பா கையை எண்ணெய்த் துணியில் துடைத்து, பாய்லரைப் பார்த்தபடியே தலைக்கு மேல் கூப்புவார்.

"காணாமலே கும்பிட்டீங்களோ?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"சம்பந்தர் மட்டும் கண்டவரோ? அவரும் இராமேசுவரத்தில நிண்டுதானே கோணமாமலையப் பாடினவர்" என்பார். தன்னையும் சம்பந்தரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

கோட்டை வாசலில் ஓட்டோ நின்றது. வாசல் கல்லில் பாண்டியரின் இணைக்கயல், அந்த இரட்டை மீன் சின்னம், இன்னும் இருக்கிறது. 1620-களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கட்டிய கோட்டை இது. கோணேசரிடம் போக அவருடைய பழைய வீட்டுக் கல்லைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே படைமுகாம், ஆலமர நிழலில் மான்கள், அப்புறம் ஏற்றம். இருமருங்கும் கடைகள், அர்ச்சனைத் தட்டு, மரத்தொட்டில், பனங்கற்கண்டு. சப்பாத்தைக் கழற்றியதும் காலில் சுட்டது. கச்சான் காற்று வீசும் மாதம். காலை எட்டு மணிக்கே கல் கொதிக்கிறது.

கோயிலுக்கு வருமுன் அப்பா செய்யும் காரியம் ஒன்று உண்டு. கிணற்றடியில் குந்தி, தேங்காய்த் தும்பில் சன்லைட் சவர்க்காரம் தேய்த்து, பத்து நகத்தையும் ஒவ்வொன்றாக உரசுவார். கால் மணி நேரம் எடுக்கும். நேவியை விட்ட பிறகு மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் திருத்தினார். நகத்துக் கறுப்பு அவரை விட்டுப் போனதே இல்லை. "இந்தக் கையோட விபூதி வாங்கேலாது" என்பார். காடாற்றுக்கு முதல் நாள் அந்தக் கைதான் என் நினைவில் நின்றது, முகம் அல்ல.

மாதுமை அம்பாளையும் கோணேசரையும் கும்பிட்டு வெளியே வந்து, இராவணன் வெட்டுப் பக்கம் கொஞ்சம் நின்றேன். மரம் நிறையத் தொட்டில்கள். கீழே, நானூறு அடி ஆழத்தில், கடல். 1956-இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இந்த மலையடியில் சுழியோடித்தான் பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்கள். அதற்கு முன்பே, 1950-இல், ஊருக்குள் கிணறு தோண்டும்போது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன், பிள்ளையார் என்று புதைந்து கிடந்த திருமேனிகள் வெளிவந்தன. ரோயல் சிலோன் நேவி தொடங்கியதும் அதே 1950 டிசம்பர். இது தற்செயல் என்று அப்பாவிடம் சொல்ல முடியாது. 1963 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை, கும்பாபிஷேகத்துக்கு அந்த மாத்தறைக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து, இரண்டு பேரும் வெயிலில் நின்றதை நூறு தரமாவது சொல்லியிருப்பார்.

அடுத்த வருட டிசம்பர் சூறாவளியைப் பற்றி மட்டும் அதிகம் சொன்னதில்லை. "காத்து" என்று தொடங்குவார், நிறுத்திவிடுவார்.

வெள்ளைச் சீருடையில் அவர் நிற்கும் படம் ஒன்று முன்சுவரில் இருந்தது. எண்பதுகளில் ஒருநாள் அது இறங்கி அரிசிப் பெட்டிக்கு அடியில் போனது. யாருக்குப் பயந்து என்று அம்மாவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை; அந்தக் காலத்தில் அப்படிக் கேட்பவன் இந்த ஊர்க்காரனாக இருக்க மாட்டான். போர் முடிந்த பிறகும் படம் வெளியே வரவில்லை. செத்தவீட்டன்றுதான் அம்மா எடுத்துத் துடைத்துத் தந்தார். அந்துப்பூச்சி ஒரு காதைத் தின்றிருந்தது.

கடற்கரையில் குருக்கள் எள்ளும் தர்ப்பையும் தந்து, மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். அப்பா பெயர் சொன்னேன், தாத்தா பெயர் சொன்னேன். பூட்டனில் தட்டிவிட்டது. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, ஈரக் கையோடு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "இதுகூடத் தெரியாதோ?" என்று பேச்சு வாங்கித்தான் பெயரும் வாங்கினேன். பிண்டத்தைக் கடலில் விட்டு, மூன்று முழுக்குப் போட்டு எழும்பினேன்.

பிறகு டச்சுபேயில் ஒரு தம்பியின் பைபர் படகில் ஏறினேன். அவருடைய தகப்பனின் எஞ்சினை அப்பா திருத்தியிருக்கிறார் என்பது பேச்சில் தெரிய வந்தது. காசு வாங்க மறுத்தார், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். மலையைச் சுற்றி வந்தோம். கரையிலிருந்து பார்த்தால் கோயில்தான் பெரிது. கடலிலிருந்து பார்த்தால் முழுக்கப் பாறை, கோயில் அதன் தலையில் ஒரு சின்ன நிறம். கழுத்து நோகும் வரை பார்த்தேன். மலைக்கு நேரே வந்ததும் தம்பி எஞ்சினைக் குறைத்தார். எல்லாரும் இந்த இடத்தில் குறைப்பதுதான் என்றார். அந்தச் சத்தம் இறங்கியபோது நான் ஏனோ மலையை விட்டுவிட்டு எஞ்சினைத் திரும்பிப் பார்த்தேன். கை கூப்பியிருந்தது.

மத்தியானம் வீட்டில் அம்மா வாழையிலை போட்டுப் படைத்திருந்தார். ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் இல்லாமல் முடியாது. சந்தையில் அலைந்து வாங்கி, பொரித்து வைத்திருந்தார். அப்பா தன் தகப்பனுக்கு விரதம் பிடித்த காலமெல்லாம் அந்தக் கைப்புக் காயை ஒரு கடி கடித்துவிட்டு, மிச்சத்தைச் சோற்றுக்குள் ஒளிப்பார்.

"கண்டியா?" என்றார் அம்மா.

"கண்டன்."

"அந்தாள் சொன்ன மாதிரியே இருக்கோ?"

"அப்பா எங்கையம்மா கண்டவர்?"

அம்மா சிரித்துக்கொண்டே ஒரு பிடி படையலை மதிலில் வைத்தார். காகம் வந்தது. காத்தோட்டிக்காயை அலகால் ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

"பார்" என்றார் அம்மா.