மோக்காவில் ஒரு நம்பர்

மொரீஷியஸ் போய் வந்தேன் என்றால் எல்லாரும் கடற்கரைப் போட்டோதான் கேட்கிறார்கள். என் போனில் இருப்பதோ பழைய பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும். போர்ட் லூயிஸில் இருக்கும் நண்பர் ஒருவர், தன் குடும்பத்தில் முதலில் கப்பல் ஏறியவர் எந்த ஊர்க்காரர் என்று தேடிக்கொண்டிருந்தார். வீட்டில் பேசுவது கிரியோல், ஆபீசில் பிரெஞ்சு. தமிழ் கோயிலில் மட்டும். ஊர்ப் பெயர்களைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டு ஆள் ஒருவர் கூட இருந்தால் தேவலை என்றார். கிளம்பிவிட்டேன்.

முதலில் அப்ரவாசி காட். துறைமுகத்தை ஒட்டி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடிமை முறை முடிவுக்கு வந்த நேரத்தில், 1834-இல் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து ஏறக்குறைய நாலரை லட்சம் பேரை இந்தத் தீவில் கொண்டுவந்து இறக்கினார்கள். வந்தவர்களை இறக்கிப் பதிவு செய்த டிப்போ 1849-இல் இந்த இடத்தில் அமைந்தது. யுனெஸ்கோ 2006-இல் இதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. படகிலிருந்து ஏறி வந்த 16 கல்படிகளும் சில கட்டடங்களின் மிச்சமும்தான் இப்போது இருக்கின்றன. அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனால் இங்கே வந்தால் தாத்தாவின் பெயர் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பெயரெல்லாம் மலைமேல், மோக்காவில் இருக்கின்றன.

மோக்காவுக்குப் போகும் முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் அரசு ஒரு நம்பர் கொடுத்தது. சம்பளம், கல்யாணம், சாவு, எதுவானாலும் அந்த நம்பரும் கூடவே எழுதப்பட்டது. ஆகவே தேடல் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்: உங்கள் பிறப்புச் சான்றிதழ், அப்பாவுடையது, தாத்தாவின் கல்யாணச் சான்றிதழ், அவருடைய அப்பாவின் இறப்புப் பதிவு என்று ஒவ்வொன்றாக அங்குள்ள சிவில் ஸ்டேட்டஸ் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டே மேலே ஏற வேண்டும். எங்கேயோ ஒரு தாளில் பெயருக்குப் பக்கத்தில் நம்பர் முளைக்கும். அவர்தான் கப்பலில் வந்தவர்.

கேட்க எளிதாக இருக்கிறது. தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தலைவலி உண்டு. நம் வழக்கப்படி அப்பாவின் பெயரைப் பின்னால் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். குமாஸ்தா அதைக் குடும்பப் பெயர் என்று எழுதிவிட்டார். அடுத்த தலைமுறையில் அதுவே நிலைத்துவிட்டது, சில வீடுகளில் மறுபடி மாறியும் இருக்கிறது. ஒரே ஆளின் பேரப்பிள்ளைகள் வேறு வேறு குடும்பப் பெயரோடு, ஒருவரையொருவர் தெரியாமல் ஒரே பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கலாம். எழுத்தும் ஒரு மாதிரி இல்லை. முத்துசாமியின் 'மு'வுக்கு ஆங்கிலத்தில் எழுதியவர் இரண்டு ஓ போட்டிருப்பார், பிரெஞ்சுப் பழக்கக்காரர் ஓவும் யூவும் போட்டிருப்பார். நண்பர் வீட்டுத் தாள்களிலேயே அண்ணனுக்கு ஒரு விதம், தம்பிக்கு ஒரு விதம். பெயரை வைத்துத் தேடினால் விடியாது. நம்பர்தான் வழி.

மோக்காவில் இருப்பது மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட். போர்ட் லூயிஸ் வெயிலில் வேர்த்து பஸ் ஏறினால் மேலே இறங்கும்போது சாரல், சட்டென்று குளிர். பஸ்ஸுக்கு முன்னால் தெருவோரக் கடையில் தால்பூரி வாங்கிக்கொண்டோம். கடலைப் பருப்பை உள்ளே வைத்த மெல்லிய போளி மாதிரி, இனிப்புக்குப் பதில் காரம். நம் ஊரில் யாராவது இதைப் போடக் கூடாதா!

குடியேறிகளின் பழைய பதிவேடுகள் எல்லாம் இந்த இன்ஸ்டிட்யூட்டில்தான் பாதுகாக்கப்படுகின்றன. நண்பர் சான்றிதழ் கத்தையையும் நம்பரையும் கொடுத்தார். பதிவு கிடைத்தது. வந்தவரின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், வயது, உயரம், ஜாதி, அங்க அடையாளம், கப்பல், எந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள் என்ற விவரம், எல்லாம் வரிசையாக. ஜாதிக் கட்டத்தில் 'மலபார்' என்று இருந்தது. கேரளம் என்று நண்பர் பதறினார். தமிழர்களை அந்தத் தீவில் அப்படித்தான் எழுதினார்கள் என்று அங்கிருந்தவர்கள் விளக்கினார்கள். உயரம் 5 அடி 3 அங்குலம், இடது புருவத்துக்கு மேலே தழும்பு. நண்பர் அந்த வரியையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமை. என் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா பெயர் என்ன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, தழும்புக்கு எங்கே போவது? ஓடிப்போனால் பிடிப்பதற்காகத்தான் வெள்ளைக்காரன் இத்தனையும் எழுதி வைத்தான். ஊரோடு இருந்துவிட்ட அண்ணன் தம்பியை அவன் எழுத வேண்டிய அவசியமே இல்லை, வரி கட்ட நிலம் இருந்தால் தவிர.

சிலருக்குப் போட்டோவும் கிடைக்கும். 1867 சட்டத்தின்படி ஒப்பந்தம் முடிந்தவர்கள் படம் ஒட்டிய பாஸ் வைத்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். நண்பருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1834-க்கு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனாராகவும் தச்சராகவும் போன தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இந்த நம்பரே கிடையாது. தேவாலயப் பதிவுகள், பத்திரங்கள் என்று அது தனிப் பாதை.

ஊர்க் கட்டத்துக்கு வருகிறேன். ஜில்லா வட ஆற்காடு. தாலுக்கா கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. கிராமம், புத்தூர் என்றும் படிக்கலாம், புதூர் என்றும் படிக்கலாம். வட ஆற்காட்டில் புதூருக்கா பஞ்சம்? அதோடு, 1911 வரை அந்த ஜில்லாவின் தலைநகரே சித்தூர். இன்று ஆந்திரத்தில் இருக்கும் புத்தூரும் அதற்குள்தான் அடங்கும். ஆகவே பழைய ஜில்லாவை இன்றைய மாவட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தாலுக்காவாரியாகக் கிராமங்களைப் பட்டியல் போட்ட சென்னை மாகாணப் புத்தகங்கள் உண்டு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய நிலப் பதிவேடுகளும் இருக்கின்றன. நிலம் இல்லாமல் கூலிக்குப் போனவர்கள்தானே கப்பல் ஏறினார்கள், அவர்கள் பெயர் பட்டாவில் எங்கே இருக்கும் என்று நீங்கள் கேட்டால் சரிதான். டிஎன்ஏ சோதனைக்கும் நண்பர் எச்சில் அனுப்பியிருக்கிறார். தென்னிந்தியா என்று பதில் வந்தது. அதற்குக் கண்ணாடி போதுமே என்றேன்.

உருப்படியான துப்பு அவருடைய பாட்டியிடமிருந்து வந்தது. வீட்டில் தலைமுறைக்கு ஒரு பெண்ணுக்காவது பச்சையம்மா என்று பெயர் வைத்துவிடுவார்களாம். ஏன் என்று பாட்டிக்குத் தெரியவில்லை. ஆரணி, திருவண்ணாமலை பக்கம் பச்சையம்மனைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் ஏராளம். நண்பர் ஆடியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆந்திரத்துப் புத்தூரை முதலில் பார்த்துவிடலாம் என்பது என் கட்சி. அவர் ஆரணிப் பக்கத்துப் புதூர்களை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார்.