தாமரையும் மீனும்

சீனாவில் தியான்ஜின் பக்கம் யாங்லியூச்சிங் என்று ஓர் ஊர். புத்தாண்டுக்குக் கதவிலும் சுவரிலும் ஒட்டும் படங்களுக்குப் பேர்போனது. கோடுகளை மரக்கட்டையில் செதுக்கி அச்சடிப்பார்கள். கன்னச் சிவப்பு, துணி மடிப்பு எல்லாம் தூரிகை வேலை. இதை அச்சு என்பதா, ஓவியம் என்பதா? எனக்கு ஓவியம்தான்.

மலிவான இயந்திர அச்சு வந்தது, அப்புறம் ஜப்பானியப் போர். பட்டறைகள் மூடின, கட்டைகள் அழிந்தன. 1950களில் மிஞ்சிய கலைஞர்களை வைத்து மறுபடி தொடங்கினார்கள். 2006ல் தேசிய மரபுப் பட்டியலில் இடம் கிடைத்தது.

கொழுகொழு குழந்தை, கையில் மீன், பக்கத்தில் தாமரை. இந்தப் படம்தான் என் மொபைல் வால்பேப்பர். சீனத்தில் மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே ஒலி; தாமரைக்கும் தொடர்ச்சிக்கும் அப்படியே. வருஷா வருஷம் கையில் மிஞ்சட்டும் என்ற வாழ்த்து. மாசக் கடைசியில் பார்த்தால்தான் கொஞ்சம் உறுத்துகிறது.