சீரிஸ் 3 லேண்ட் ரோவரில் 200 டிடிஐ: இன்ஜினைத் தவிர மற்றதெல்லாம்

பழைய சீரிஸ் 3 லேண்ட் ரோவருக்கு டீசல் இன்ஜின் மாற்ற நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "உள்ளே உட்காருமா?" என்றுதான். உட்காரும். லேண்ட் ரோவரே பின்னாளில் செய்த டர்போ டீசல் இன்ஜினான 200 டிடிஐ, அந்த வண்டியில் 1971 முதல் 1985 வரை வந்த 2.25 லிட்டர் இன்ஜினின் வழிவந்ததே. பழைய இன்ஜின் மவுன்ட் பிராக்கெட்டுகளையே அதன் பிளாக்கில் பூட்டலாம். கியர்பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டவோ நீட்டவோ வேண்டியதில்லை. வேறு கம்பெனி இன்ஜினை அடாப்டர் தகடு போட்டுப் பொருத்துவதற்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான்.

கேட்க வேண்டியது வேறு. பழைய பெட்ரோல் இன்ஜின் சுமார் 70 குதிரைத்திறனும் 160 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க்கும் கொடுத்தது. சீரிஸுக்குப் பின் வந்த டிஃபெண்டர் மாடலின் 200 டிடிஐ (2495 சிசி) 3800 ஆர்பிஎம்மில் 107 குதிரைத்திறன், 1800 ஆர்பிஎம்மிலேயே 255 நியூட்டன் மீட்டர். ஒன்றரை மடங்குக்கு மேல் வரும் இந்த டார்க், 160-க்காக வடிவமைத்த கியர்பாக்ஸ் வழியாக, முனையில் 10 ஸ்ப்ளைன் (வரிப்பல்) உள்ள ஆக்சில் ஷாஃப்ட்டுகளுக்குப் போகிறது. வண்டியைத் திட்டமிட வேண்டியது அங்கிருந்துதான். இன்ஜினைக் கடைசியாக வாங்கினால்கூடப் பரவாயில்லை.

அதற்கும் முன்னால் சேசிஸ். மேலே இருப்பது அலுமினியக் கலவை பாடி. அது துருப்பிடிக்காமல் பளபளப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். சேசிஸ் எஃகுப் பெட்டிச் சட்டம். ஏறத்தாழ 2 மி.மீ. தகடு, உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். சின்ன சுத்தியலால் முழு நீளமும் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், கெட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். பின் கிராஸ் மெம்பர், ஸ்பிரிங் ஹேங்கர்கள், பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் அவுட்ரிக்கர் கைகள், பெட்ரோல் டேங்க்குக்கு மேலே கண்ணுக்குப் படாத பகுதி ஆகியவைதான் வழக்கமாகப் போகும் இடங்கள். துருவின் மேல் தகடு வைத்து வெல்டிங் செய்வது வீண். பளிச்சென்ற உலோகம் வரும்வரை வெட்டியெடுத்துவிட்டு, அதே கனத் தகட்டைப் போட வேண்டும். ஹேங்கர்களை மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். ஒவ்வொரு முறையும் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகவும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள பல்க்ஹெட்டின் கால் வைக்கும் பள்ளமும் கதவுத் தூணும் எஃகு என்பதால் அவையும் போயிருக்கும். அவற்றை வெட்டுவதற்கு முன் கதவு வாய்க்குக் குறுக்கே ஒரு கம்பியைத் தற்காலிகமாக வெல்டிங் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு எந்தக் கதவும் சரியாக மூடாது. எஃகும் அலுமினியமும் தொடும் இடங்களில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்; மறுபடி பூட்டும்போது இடையில் சீலன்ட்டோ ரப்பரோ அவசியம்.

இனி கியர் விகிதக் கணக்கு. 7.50-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.45 மீட்டர் உருளும். நான்காவது கியர் 1:1, முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் ஹை ரேஞ்ச் (சாதாரணச் சாலைக்கானது) 1.148, டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் 4.7. அதாவது 3000 ஆர்பிஎம்மில் சக்கரம் நிமிடத்துக்கு 556 சுற்று. வேகம் மணிக்கு 82 கி.மீ. டிடிஐ நிம்மதியாக இழுப்பது 1800-க்கும் 2800-க்கும் இடையில். 4.7-ஐ அப்படியே விட்டால், நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்திக்கொண்டே இருக்கும். டீசல் மாற்றிய பிறகு "சத்தம் தாங்கவில்லை" என்று புலம்பும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான். எத்தனை தடிமனான ஃபோம் ஒட்டினாலும் இது தீராது.

தீர்வுகள் மூன்று உண்டு. 88 இன்ச் வீல்பேஸ் (முன் பின் சக்கரங்களின் இடைவெளி) வண்டியானால், ரேஞ்ச் ரோவர் அல்லது டிஸ்கவரியின் 3.54 டிஃபரன்ஷியல் முன்னும் பின்னும் நேராகப் பொருந்தும். 3000 ஆர்பிஎம்முக்கு 108 கி.மீ.; 2600-லேயே 94 கி.மீ. ஆனால் 1990களின் முற்பகுதிக்குப் பிறகு வந்த டிஃபரன்ஷியல்கள் 24 ஸ்ப்ளைன். உங்கள் ஷாஃப்ட் 10 ஸ்ப்ளைன். வாங்கும்போதே டார்ச் அடித்து உள்ளே பல்லை எண்ணிவிடுங்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் ஃப்ளேஞ்சின் போல்ட் துளைகளும் மாறியிருக்கலாம். பழைய ஃப்ளேஞ்சை மாற்றிப் போட வேண்டி வரும். முன், பின் இரண்டும் ஒரே விகிதமாக இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்ட நொடியில் முறுக்கேறி ஏதாவது ஒன்று உடையும்.

3.54-க்குக் கொடுக்கும் விலை, கரடுமுரடான பாதைக்கான லோ ரேஞ்சில் தெரியும். லோ ரேஞ்ச் 2.35, முதல் கியர் 3.68. பழைய 4.7-உடன் மொத்தம் 40.6, 3.54-உடன் 30.6. செங்குத்தான இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கிங் அந்த அளவுக்குக் குறையும். டிடிஐயின் கீழ் ஆர்பிஎம் டார்க் ஏற்றத்தில் இதை ஈடுகட்டும், இறக்கத்தில் ஈடுகட்டாது. காட்டுப் பாதை மட்டுமே ஓட்டுகிறவர் 4.7-ஐத் தொடாமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது வழி 0.782 விகித ஓவர்டிரைவ், அதாவது ட்ரான்ஸ்ஃபர் கேஸில் பூட்டும் கூடுதல் கியர். 3000-க்கு 104 கி.மீ. கிடைக்கும், லோ ரேஞ்ச் கெடாது. ஆனால் அதற்குள் இருக்கும் ஆயில் கொஞ்சம். பற்களும் பழைய இன்ஜினுக்கு அளவெடுத்தவை. மட்டமான சாலையில் மட்டும் போட்டு, ஏற்றத்தில் எடுத்துவிட வேண்டும். ஆயில் அளவை அடிக்கடி பார்க்காதவர்களுக்கு இது சரிப்படாது. மூன்றாவது, ட்ரான்ஸ்ஃபர் கேஸில் ஹை ரேஞ்ச் பல்லை மட்டும் மாற்றும் கிட். 109 இன்ச் வண்டிக்கு நான் சொல்வது அதைத்தான். அதில் பின் ஆக்சில் பெரும்பாலும் சாலிஸ்பரி என்ற வேறு வகை என்பதால் 3.54 நேராகப் பொருந்தாது.

ஸ்பீடோமீட்டர் கேபிள் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் வெளியீட்டிலிருந்து ஓடுகிறது. ஓவர்டிரைவ் அதற்கு முன்னால் இருப்பதால் முள் சரியாகவே காட்டும். டிஃபரன்ஷியல் மாற்றினால் 60 காட்டும்போது உண்மையில் 80-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். டயல் திருத்துவதை முதல் ஓட்டத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அந்த வேகத்தில் நிறுத்தவும் வேண்டும். 88 இன்ச் வண்டியின் 10 இன்ச் டிரம் இதற்குப் போதாது. 109-இன் 11 இன்ச் டிரம்மும் பேக் பிளேட்டும் பொருந்தும். பிரேக் மிதிக்கு உதவும் வாக்குவம் சர்வோவும் தேவை. டீசலில் இன்டேக் மேனிஃபோல்டில் வாக்குவம் இருக்காது என்பதால், டிடிஐயின் சொந்த வாக்குவம் பம்ப்பைக் கழற்றாமல் அப்படியே இணைக்க வேண்டும்.

இன்ஜின் வாங்கும்போது டிஃபெண்டருடையதா டிஸ்கவரியுடையதா என்று பாருங்கள். டிஃபெண்டரில் டர்போ மேலே இருக்கும், எதிலும் இடிக்காது. டிஸ்கவரியில் டர்போ கீழே தொங்குவதால் சேசிஸில் முட்டும். பழைய 2.5 டர்போ டீசலின் மேனிஃபோல்டை மாற்றிப் போட்டுச் சரிசெய்வார்கள். டர்போவையே கழற்றிவிட்டு, 2.5 சாதா டீசலின் மேனிஃபோல்டைப் போட்டு, பம்ப்பில் டீசல் அளவைக் குறைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. சிலர் சிரிப்பார்கள், ஆனால் கியர்பாக்ஸுக்கு அதைவிட நல்லது எதுவுமில்லை. இன்டர்கூலர், குழாய், இடப்பற்றாக்குறை எல்லாம் ஒரேயடியாகத் தீரும்.

இன்ஜின் ஸ்டாண்டில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், தண்ணீர் பம்ப், கிராங்க்கின் முன் பின் ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். டைமிங் வைக்க ஃப்ளைவீலில் ஒரு பின், பம்ப் புல்லியில் 9.5 மி.மீ. பின், கேம்ஷாஃப்ட் கோடு மூன்றும் ஒருசேர நிற்க வேண்டும். இந்த ஃப்ளைவீல் பின்னுக்கான துளை டிடிஐயின் ஹவுசிங்கில் இருப்பதால், ஃப்ளைவீலையும் ஹவுசிங்கையும் ஒரே இன்ஜினிலிருந்தே எடுங்கள். கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்குக்கு ஏற்ப சில ஸ்டட்டுகளை இடம் மாற்ற வேண்டியிருக்கும். ஹெட் திறந்தால், கேஸ்கெட்டின் தடிமன் பிஸ்டன் மேலெழும் அளவைப் பொறுத்தது. பழைய கேஸ்கெட்டின் ஓரத்தில் எத்தனை துளை என்று பார்த்து, அளந்து, அதே வகையைப் போடவும். கிராங்க் முனையில் இருக்கும் பைலட் புஷ்ஷை கியர்பாக்ஸ் ஷாஃப்ட் முனையில் கையால் நுழைத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கிளட்ச் அழுத்தியும் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், கியர் விழாது. அதற்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்குவதைவிட எரிச்சலான வேலை இந்தத் தொழிலில் கிடையாது. கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்ளைனையும் அப்போதே பொருத்திப் பார்த்துவிடலாம்.

குளிர்விப்பில்தான் சீரிஸ் வண்டியின் மூக்கு இடம் கொடுக்காமல் படுத்தும். டிஃபெண்டரில் ரேடியேட்டர், ஆயில் கூலர், இன்டர்கூலர் மூன்றும் ஒரே சட்டத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். சீரிஸின் முன் பேனல் அந்த அகலத்துக்குத் திறக்காது. பேனலை வெட்டித்தான் ஆக வேண்டும். கனமான விஸ்கஸ் ஃபேனுக்கும் முன்னால் இடம் போதாது. மின்விசிறி போடுகிறவர்கள் ரேடியேட்டரின் முழு அகலத்துக்கும் ஷ்ரவுட் (காற்றை வழிநடத்தும் கூடு) வைக்காவிட்டால், விசிறிக்கு நேரே இருக்கும் வட்டம் மட்டுமே குளிரும். எக்ஸ்பான்ஷன் டேங்க்தான் முழு அமைப்பிலும் உயரமான புள்ளியாக இருக்க வேண்டும். பானெட்டுக்குக் கீழே இடமில்லை என்று அதைத் தாழ்த்திப் பொருத்தினால், ஹெட்டில் காற்று தங்கி, மீட்டர் முள் இயல்பாக இருக்கும்போதே ஹெட் வளையும். ஆயில் கூலரை விட்டுவிடுவது என்றால், குழாய்களை வெறுமனே அடைத்துவிட்டுப் போகாமல் கூலர் இல்லாத ஃபில்டர் ஹவுசிங்கைத் தேடிப் போடுங்கள்.

காற்றுக்குப் பழைய ஆயில் பாத் ஃபில்டர் வேண்டாம். டர்போ உறிஞ்சும் காற்று மிக அதிகம்; அளவுக்கு மேல் ஊற்றிய ஆயிலையும் சேர்த்து இழுத்துவிட்டால், சாவியை அணைத்தாலும் இன்ஜின் அந்த ஆயிலிலேயே ஓடி, ஆர்பிஎம் ஏறி, தன்னையே அழித்துக்கொள்ளும். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் டிடிஐயின் ப்ரீதர் அடைத்தாலும் இதே ஆபத்துதான். அதைக் கழற்றிக் கழுவுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. டர்போவின் ஆயில் திரும்பும் குழாய் எங்கும் மேலேறாமல் சரிந்தே இறங்க வேண்டும். சைலன்சர் குழாயில் இன்ஜின் அருகே ஒரு வளையும் துண்டு இல்லையென்றால், குலுக்கத்தில் மேனிஃபோல்டு விரிசல் விடும்.

பெட்ரோல் வண்டியில் டேங்க்கிலிருந்து ஒரு குழாய் வந்தாலே போதும். டிடிஐயின் பாஷ் விஇ பம்ப் மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும். அதற்குத் தனி ரிட்டர்ன் குழாய் டேங்க் வரை போக வேண்டும். வரும் வழிக்கு 8 மி.மீ., திரும்பும் வழிக்கு 6 மி.மீ. போதும். உறிஞ்சும் பக்கம் கசிவு இருந்தால் டீசல் சொட்டாது, காற்று உள்ளே போகும். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும் வண்டிக்குப் பம்ப்பைக் குறை சொல்வதற்கு முன் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்ளே தெரியும் ஒரு குழாய்த் துண்டைப் போட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

மின்வேலை குறைவு, கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. டீசலை நிறுத்தும் ஸ்டாப் சொலினாய்டுக்கு சாவியிலிருந்து 12 வோல்ட், ஹீட்டர் பிளக்குக்கு ரிலே வழியாகத் தடித்த ஒயர், ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், அவ்வளவுதான். செல்ஃப்புக்கு குறைந்தது 35 சதுர மி.மீ. கேபிள் போடுங்கள். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் எர்த் பட்டையை மறந்தால், செல்ஃப்பின் மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போய் அதைப் பழுக்கக் காய்ச்சிவிடும். பழைய டேஷ்போர்டு மீட்டர்கள் 10 வோல்ட் ஸ்டெபிலைசரில் ஓடுகின்றன. அதற்கேற்ற டெம்பரேச்சர் சென்சாரைப் பழைய இன்ஜினிலிருந்து எடுத்து, தேவைப்பட்டால் அடாப்டர் வைத்துப் பொருத்தவும். டிடிஐயின் சென்சார் அந்த மீட்டரில் பொய் சொல்லும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்டாப் சொலினாய்டின் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டு செல்ஃப் அடிக்கவும். பிறகு லிஃப்ட் பம்ப் லீவரால் ஃபில்டர் வரை டீசல் ஏற்றி, காற்றை எடுத்து, ஒயரை மாட்டி, இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடித்தால் நுரை போய் டீசல் வரும், அப்போது இறுக்கவும். ஓடத் தொடங்கியதும் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஹீட்டர் குழாய் சூடாகும்வரை ஐடிலில் விடுங்கள்.

500 கி.மீ. கழித்து மவுன்ட், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், பெல் ஹவுசிங் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். டைமிங் கவருக்கும் பெல் ஹவுசிங்குக்கும் அடியில் இருக்கும் வடிகால் துளைகளில் ஆயில் சொட்டுகிறதா என்றும் கவனியுங்கள். தண்ணீரில் இறங்கும் நேரம் தவிர அவற்றை அடைத்து வைக்கக் கூடாது. அடைத்தால் சீல் கசிவு உள்ளேயே தேங்கி, பெல்ட்டையும் கிளட்ச்சையும் நனைக்கும். பம்ப்பின் டீசல் ஸ்க்ரூவைத் திருகி "இன்னும் கொஞ்சம்" பவர் எடுக்கச் சொல்லி யாராவது வந்தால், டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் வெப்பமானி இல்லாமல் தொடவிடாதீர்கள். சுமையோடு ஏறும்போது 700 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போய்விட்டால் பிஸ்டனுக்கு ஆபத்து. அதற்கு முன்பே பின் ஆக்சில் ஷாஃப்ட் ஒன்று முறிந்துவிட வாய்ப்பு அதிகம், எனவே கருவிப் பெட்டியோடு ஒரு ஷாஃப்ட்டும் இருக்கட்டும்.